காலை எடுக்கச் சொன்னால், முதலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக இதய தினத்தை ஒட்டி செப்டம்பர் 29 அன்று நீங்கள் போட்டிருந்த முழுப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன். மாரடைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், ஆஞ்சியோ என்றால் என்ன, ஸ்டென்ட் எப்போது, பைபாஸ் எப்போது என்று தெளிவாக எழுதியிருந்தீர்கள், நல்ல விஷயம்தான், அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் முழுக்கத் தேடியும் கால் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. இதயத்துக்குப் போகிற குழாயில் வருகிற அதே அடைப்புதான் தொடையிலும் கெண்டைக்காலிலும் வருகிறது. அதே சுகர், அதே பீடி சிகரெட், அதே கொழுப்பு. நெஞ்சில் வந்தால் அலறியடித்துக்கொண்டு ஓடுகிறோம், காலில் வந்தால் "வயசாச்சுல்ல, வாதம்" என்று தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கடைசியில் விரல் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் எடுத்துவிடலாம் என்கிறார்கள், நாமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் ஒரு தடவை அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இரண்டாவது தடவை போட இருந்தோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், ஊர் சோழவந்தான் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இதயம் வரைந்து காட்டியவன், நான்கு அறை, வால்வு, சுத்த ரத்தம், அசுத்த ரத்தம் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். மகாதமனியைக் கீழே ஒரு அம்புக்குறி போட்டு முடித்துவிடுவேன், அதற்குக் கீழே அது இரண்டாகப் பிரிந்து காலுக்குப் போகிறது என்பதைச் சொன்னதே இல்லை. அது இன்னமும் மனசை அறுக்கிறது.

முதலில் சித்தப்பா கதை. 2009-ல் அவருக்குச் சுண்டுவிரலில் புண். விரலை எடுத்தார்கள், ஆறவில்லை. முட்டிக்குக் கீழே எடுத்தார்கள், தையல் போட்ட இடமே கறுத்தது. அப்புறம் தொடையில் எடுத்தார்கள். ஒரே காலுக்கு மூன்று ஆபரேஷன், அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார், அதுவும் மாரடைப்பில். விரலிலிருந்து தொடை வரைக்கும் துண்டு துண்டாகப் போனதே, ஏன் புண் ஆறவில்லை என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை. "சுகர் புண் ஆறாது" என்று சொன்னார்கள், சரி என்று கேட்டுக்கொண்டோம்.

இப்போது என் அண்ணன் கதைக்கு வருகிறேன். அண்ணனுக்கு வயசு 67, வெற்றிலைக் கொடிக்கால் விவசாயி. பதினெட்டு வயசிலிருந்து பீடி, பன்னிரண்டு வருஷமாக சுகர். வீட்டிலிருந்து கொடிக்காலுக்கு வாய்க்கால் கரையோடு நடந்தே போவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாதி வழியில் ஒரு மதகு இருக்கிறதே, அதில் உட்கார ஆரம்பித்தார். கேட்டால், "கெண்டைக்கால்ல கொரக்களி பிடிக்குதுடா தம்பி, செத்த உக்காந்தா சரியாப் போயிரும்" என்பார். உண்மையிலேயே சரியாகப் போய்விடும், எழுந்து நடப்பார், அதே அளவு தூரம் போனதும் மறுபடியும் பிடிக்கும். அடுத்த வருஷம் அந்த மதகு வரைக்கும்கூடப் போக முடியவில்லை, தெருமுனை பிள்ளையார் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்து என்ன செய்வார் என்றால், ஒரு பீடியைப் பற்றவைப்பார். இப்போது நினைத்தால் பதறுகிறது.

இது வாதம் இல்லை, நரம்புத் தளர்ச்சியும் இல்லை. நடக்கும்போது சதைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், குழாய் சுருங்கியிருந்தால் அந்தக் கூடுதல் வராது, சதை வலிக்கும், நின்றால் தேவை குறைந்துவிடும், வலியும் போய்விடும். மாடி ஏறினால் நெஞ்சு வலிக்கிறது, நின்றால் விடுகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்கிறோமே, அதே கணக்குதான் கெண்டைக்காலிலும். ஆனால் அண்ணனுக்கு என்ன நடந்தது தெரியுமா? ஒரு இடத்தில் பத்து நாளைக்கு நரம்பு ஊசி போட்டார்கள். இன்னொரு இடத்தில், பெயர் வேண்டாம், நரம்பு சுருட்டு மாதிரி இருக்கிறது என்று சொல்லி இறுக்கமான எலாஸ்டிக் காலுறை வாங்கிப் போடச் சொன்னார்கள். நரம்பு சுருட்டு என்பது ரத்தம் மேலே திரும்புகிற குழாயில் வரும் கோளாறு, அதற்கு அந்த உறை நல்லது. ரத்தம் கீழே இறங்குகிற குழாயே அடைத்துக் கிடக்கிற காலில் அதை மாட்டினால் இருக்கிற கொஞ்ச ஓட்டத்தையும் நெரித்துவிடும். நல்ல வேளையாக அண்ணன் அரிக்கிறது என்று இரண்டே நாளில் கழற்றிப் போட்டுவிட்டார்.

அப்புறம் ராத்திரியில் ஒரு பழக்கம் வந்தது. கயிற்றுக் கட்டிலில் படுத்து வலது காலை மட்டும் கீழே தொங்கவிட்டுக்கொண்டு தூங்குவார். மதினி எடுத்து மேலே வைப்பார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொங்கும். ஏதோ பழக்கம் என்று நினைத்தோம். ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், தொங்கவிட்டால் பாதம் செக்கச்செவேல் என்று ஆகிறது, தூக்கி வைத்தால் ஒரு நிமிஷத்தில் மெழுகு மாதிரி வெளுத்துப்போகிறது. கீழே தொங்கினால் பூமி இழுப்பில் கொஞ்சம் ரத்தம் இறங்குகிறது, அதனால் வலி அடங்குகிறது, அதற்காகத்தான் தூக்கத்திலேயே அந்தக் கால் கீழே போயிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் காலைத் தொங்கவிட்டுத் தூங்கினால், அல்லது உட்கார்ந்தபடியே தூங்கினால், மறுநாளே கூட்டிக்கொண்டு போங்கள், நாங்கள் விட்டது மாதிரி விடாதீர்கள்.

போன வருஷம் ஆவணியில் கொடிக்காலில் அகத்திக் குச்சி ஒன்று பெருவிரலில் குத்திவிட்டது. சுகர் கால்தானே, வலியே தெரியவில்லை, செருப்பில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டார்கள், அப்புறம் களிம்பு, அப்புறம் தினமும் கட்டு மாற்றுவது, ஐந்து வாரம் ஓடிவிட்டது. மாற்றி மாற்றி மூன்று வகை ஆன்டிபயாடிக். ஆறாவது வாரம் விரல் நுனி கரிக்கட்டை மாதிரி ஆனது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மாலையில் ஒரு டாக்டர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்தார், இரண்டு நிமிஷம்கூட இருக்காது, "முட்டிக்குக் கீழ எடுத்துடலாம், இல்லைன்னா மேல ஏறிடும், நாளைக்குக் காலைல வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நர்ஸ் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகன் பேனாவை வாங்கிவிட்டான்.

அந்த நேரத்தில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறாள், தற்செயலாகப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சார், டாப்ளர் எடுத்தாங்களா?" டாப்ளர் என்பது ஒலி அலையை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற சோதனை, எடுக்கவில்லை. "கால்ல நாடி பார்த்தாங்களா?" அதுவும் இல்லை. "கையெழுத்துப் போடாதீங்க சார், ரத்தக்குழாய் டாக்டர்னு தனியா இருக்காங்க, அவங்ககிட்ட ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றாள். எனக்கு அப்படி ஒரு டாக்டர் இருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். எம்.எஸ்.சி. படித்து விலங்கியல் நடத்திய எனக்கே தெரியாது என்றால் கொடிக்காலில் வேலை பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் அண்ணனை ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை, தொடை இடுக்கில் விரல் வைத்தார், முட்டிக்குப் பின்னால் வைத்தார், கணுக்காலுக்கு உள்பக்கம் வைத்தார், பாதத்து மேல் வைத்தார். "இடுக்குல துடிப்பு இருக்கு, அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லை" என்றார். அப்புறம் பேனா மாதிரி ஒரு கருவியில் பசை தடவிக் கணுக்காலில் வைத்தார். நல்ல காலில் அது ‘உஸ்... உஸ்...’ என்று சாட்டை சுழற்றுகிற மாதிரி கேட்டது, கெட்ட காலில் தூரத்தில் காற்று வீசுகிற மாதிரி ஒரு முனகல். கையில் பிரஷர் 150, அந்தக் கணுக்காலில் 55. கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுக்க வேண்டும், சாதாரணமாக 1 அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே வரும், 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு, அண்ணனுக்கு 0.37. சுகர்காரர்களில் சிலருக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போய், பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காமல் இந்த எண் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும், அவர்களுக்குக் கால் விரலில் பிரஷர் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். மொத்தம் பதினைந்து நிமிஷம். இந்தப் பதினைந்து நிமிஷத்தைச் செலவழிக்காமல்தான் ஒரு காலை வெட்ட நாள் குறித்திருந்தார்கள்.

சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, மருந்து ஏற்றி சி.டி. ஆஞ்சியோ எடுத்தார்கள். படத்தைத் திரையில் காட்டினார்கள். தொடையின் மேல்பகுதியிலிருந்து முட்டி வரைக்கும் பெரிய குழாயே காணவில்லை, ஓரத்தில் முடி மாதிரி சின்னச் சின்னக் குழாய்கள் வளைந்து வளைந்து இறங்கி, முட்டிக்குக் கீழே மறுபடியும் ஒரு குழாயில் போய்ச் சேர்கின்றன. கோடையில் வைகை மணலாகக் கிடந்தாலும் உள்ளே ஊற்று ஓடுமே, அந்த மாதிரி. அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் சொன்னார், "தலைமடைல மண்ணு விழுந்துருக்கு. கடைமடை காயத்தான செய்யும், இத்தன நாளா கடைமடைக்குப் போயி மருந்தடிச்சுக்கிட்டு இருந்துருக்கோம்." ஆன்டிபயாடிக் மாத்திரையும் ரத்தத்தோடுதான் விரலுக்குப் போக வேண்டும், ரத்தமே போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? ஐந்து வாரம் புண் ஆறாத காரணம், சித்தப்பாவுக்கு மூன்று தடவை ஆறாத காரணம், எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் புரிந்தது.

அடைப்பை எடுக்க இரண்டு வழி. ஒன்று தொடை இடுக்கில் ஊசித்துளை போட்டு உள்ளே கம்பி விட்டு, அடைப்பைத் தாண்டி, பலூனை ஊதிக் குழாயை விரிப்பது, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பது. மரத்துப்போகிற ஊசி மட்டும்தான், ஆள் விழித்துக்கொண்டே இருப்பார், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வரலாம், இதயம் பலவீனமானவர்களுக்கு இதுதான் தோது. ஆனால் விரித்த இடம் சில மாசத்தில் திரும்பச் சுருங்கவும் கூடும், மறுபடி செய்ய வேண்டி வரலாம். இன்னொன்று பைபாஸ், காலின் சொந்த ரத்தக்குழாய் ஒன்றை எடுத்து, அடைப்புக்கு மேலிருந்து கீழே ஒரு புது வாய்க்கால் வெட்டுவது. பெரிய ஆபரேஷன், தையல் நீளம், ஆறுவதற்கு நாள் ஆகும், ஆனால் எடுக்கிற குழாய் நன்றாக இருந்தால் ரொம்ப நாள் நிற்கும். எது யாருக்கு என்பது அடைப்பு எங்கே, எவ்வளவு நீளம், ஆளின் இதயம் எப்படி என்பதைப் பொறுத்தது. அண்ணனுக்கு முதலில் கம்பி விட்டுப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் முயன்றும், சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்த அடைப்பைக் கம்பி தாண்டவில்லை. டாக்டர் வெளியே வந்து மறைக்காமல் சொன்னார். நான்கு நாள் கழித்து, எக்கோ எடுத்து இதயத்தைச் சோதித்துவிட்டு, பைபாஸ் செய்தார்கள்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், விலங்கியல் வாத்தியாருக்கு அந்த அளவு உரிமை உண்டு. காலிலிருந்து எடுக்கிற குழாய் சிரை, அதற்குள் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் இருக்கும், ரத்தத்தை மேல்நோக்கி மட்டும்தான் விடும். அப்படியே வைத்துத் தைத்தால் இறங்குகிற ரத்தத்தை அது மறிக்கும். அதனால் எடுத்த குழாயைத் தலைகீழாகத் திருப்பித் தைக்கிறார்கள், அல்லது உள்ளே கருவி விட்டு வால்வுகளைக் கிழித்துவிடுகிறார்கள். அண்ணனுக்குத் திருப்பிவைத்துத் தைத்தார்கள். இந்த வால்வைப் பற்றி எத்தனை வருஷம் இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டிருக்கிறேன்!

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். சாயங்காலம் ஐ.சி.யூ.வில் போய்ப் பார்த்தபோது அந்தப் பாதத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. இத்தனை நாளாகக் குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்த பாதம். மதினி தொட்டுப் பார்த்துவிட்டு அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள், நர்ஸ் நேரமாகிவிட்டது என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கறுத்த பெருவிரலை மட்டும் எடுத்தார்கள். மூன்று மாசத்தில் அந்தப் புண் மூடியது. சித்தப்பாவுக்கும் முதலில் விரலைத்தான் எடுத்தார்கள், ஆறவில்லை, அண்ணனுக்கு ஆறியது. வித்தியாசம் ரத்தம் முதலில் போனதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் ஆபரேஷன் செலவில் பெரும்பகுதி அதிலேயே போனது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அதில் இடம் இருக்கிறது, கால் ரத்தக்குழாய்க்கும் அது உண்டா என்று கேட்பதற்கே நிறைய பேருக்குத் தோன்றுவதில்லை. மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனையில் ரத்தக்குழாய் அறுவைக்கென்று தனித் துறையே இருக்கிறது, பெரியாஸ்பத்திரி என்று தினமும் கோரிப்பாளையத்தில் இறங்குகிற ஜனங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பிறகு நானும் உட்கார்ந்து நிறையப் படித்தேன். ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பலூன், பைபாஸ் என்றாலே இதய வைத்தியம் என்று நினைக்கிறோம் இல்லையா, அவை தொடங்கியதே காலில்தான். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்து போர்ட்லாந்தில் 1964 ஜனவரி 16 அன்று, விரல்கள் அழுகிப்போய், காலை எடுக்கச் சம்மதிக்கவே மாட்டேன் என்று படுத்திருந்த 82 வயது மூதாட்டி ஒருவருக்கு, சார்லஸ் டாட்டர் என்ற மருத்துவர் தொடைக் குழாயின் சுருக்கத்துக்குள் கம்பியும், அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான குழல்களும் விட்டுத் திறந்தார். ரத்தக்குழாயை வெட்டாமல் உள்ளிருந்தே திறந்த முதல் வைத்தியம் அதுதான். அந்த அம்மா அதற்கப்புறம் இரண்டரை வருஷத்துக்கு மேல் தன் இரண்டு காலில் நடந்துதான் வாழ்ந்தார். அந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் 1974-ல் கால் குழாயில் பலூனை வைத்துப் பார்த்தார், 1977 செப்டம்பரில் சூரிச்சில் முதன்முதலாக இதயக் குழாயில் வைத்தார். பைபாஸும் அப்படியே, பாரிஸில் ழான் குன்லின் சிரையை எடுத்துக் கால் அடைப்பைச் சுற்றிப் பாதை போட்டது 1948, கால் சிரையை வைத்து இதய பைபாஸை ரெனே ஃபவலோரோ க்ளீவ்லாண்டில் நிலைநிறுத்தியது 1967. காலுக்காகக் கண்டுபிடித்த வைத்தியம் இதயத்துக்குப் போய்ப் பெயர் வாங்கிவிட்டது, காலை நாம் மறந்துவிட்டோம். வெட்டாதே என்று அடம் பிடித்த ஒரு கிழவியால் வந்த வைத்தியம் கையில் இருக்கும்போது, நம் ஊர்க் கிழவிகளுக்கு ஏன் முதல் வைத்தியமே வெட்டுவதாக இருக்க வேண்டும்?

எல்லா ஆபரேஷனும் தப்பு என்று நான் சொல்லவில்லை. சீழ் பிடித்து விஷம் ரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்து என்றால் உடனே எடுத்துத்தான் ஆக வேண்டும், அந்த நேரத்தில் எடுக்கிற டாக்டர் உயிரைக் காப்பாற்றுகிறார். எடுத்தே ஆக வேண்டிய நிலையிலும், எந்த இடம் வரைக்கும் ரத்தம் வருகிறது என்று பார்த்து எடுத்தால்தான் அந்த வெட்டு ஆறும். நான் கேட்பது அவ்வளவுதான், பார்த்துவிட்டு எடுங்கள்.

வீட்டில் நீங்களே பார்க்கலாம். பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் இருந்து பாதத்து மேல் நேராக மேலே வாருங்கள், நடுப்பாதத்தில் இரண்டு விரலை லேசாக வைத்தால் துடிப்பு தெரியும். அழுத்தினால் தெரியாது, லேசாக வைக்க வேண்டும். உள்பக்கக் கணுக்கால் முட்டுக்குப் பின்னாலும் ஒன்று துடிக்கும். சிலருக்குப் பிறவியிலேயே மேல்பாதத்துத் துடிப்பு கிடைக்காது, அதனால் இரண்டு இடமும் பாருங்கள், இரண்டு காலையும் பாருங்கள். இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை, கால் சில்லென்று இருக்கிறது, முடி உதிர்ந்து தோல் வழவழவென்று ஆகிவிட்டது, புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் ரத்த ஓட்டம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இது மெதுவாக வருகிற அடைப்பு. திடீரென்று வருவது வேறு, அதற்கு நேரமே கிடையாது. நன்றாக இருந்த கால் ஒரு நொடியில் வலி எடுத்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்து, விரலை அசைக்க முடியாமல் போனால் அது பெரும்பாலும் இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி வந்து அடைத்ததாக இருக்கும், நாடி தாறுமாறாகத் துடிக்கிறவர்களுக்கும் வால்வு கெட்டவர்களுக்கும் இது வரும். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் சதை சாக ஆரம்பித்துவிடும். நுனியில் பலூன் உள்ள குழலை விட்டுக் கட்டியை இழுத்து வெளியே எடுக்கும் முறை 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது, நேரத்துக்குப் போனால் கால் பிழைக்கும். காலையில் போகலாம் என்று இருக்காதீர்கள். உருவி விடுவது, எண்ணெய் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், சூடு மணல் ஒத்தடம் எதுவும் செய்யாதீர்கள், மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும்.

சூடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க மத்தியானத் தாரில் வெறுங்காலோடு நிற்கிறோம், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம், கோயில் பிரகாரத்துக் கல்லில் சுற்றுகிறோம். நானும் நடந்தவன், நேர்த்திக்கடனை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் சுகர் வந்து பாதம் மரத்தவர்கள் அந்தக் கல்லில் கால் வைத்தால் கொப்புளம் வந்தது வீட்டுக்கு வந்துதான் தெரியும். விடிகாலையிலோ சாயங்காலத்திலோ போங்கள், வந்ததும் யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மனும் அழகரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பீடியைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் "குறைச்சுட்டேன்" என்றார், டாக்டர் "குறைக்கிறதுன்னு ஒண்ணு இல்லை, ஒண்ணு குடிக்கிறீங்க, இல்லை குடிக்கலை" என்றார். அதுவும் முப்பது, நாற்பது வயசில் சுகரே இல்லாமல் கால் விரல் கறுத்து வருகிற ஆண்கள் இருக்கிறார்கள், பெர்கர் நோய் என்று பெயர், புகையிலையால் வருவது, குழாய்களின் கடைக்கோடியே அடைத்துப்போவதால் பைபாஸைக் கொண்டுபோய்த் தைப்பதற்குப் பல பேருக்கு இடமே இருக்காது. பீடியை அடியோடு விட்டால் கால் நிற்கும், ஒன்றிரண்டு குடித்தால்கூடப் போகும். அண்ணன் விட்டுவிட்டார், ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் தவறாமல் சாப்பிடுகிறார், காலில் அடைப்பு வந்தவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகிற குழாயிலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அவை நிரந்தரம். சித்தப்பா போனதும் அப்படித்தானே.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், எங்கள் தெருவுக்கு வருகிற தங்கச்சி அவ்வளவு பொறுப்பாகச் செய்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாதத்தில் நாடி பார்க்கவும் ஒரு நாள் சொல்லிக் கொடுங்கள். நெஞ்சுவலி என்று வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கொடுத்து அனுப்ப 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டம் இருக்கிறது, அதே நிலையத்தில் அந்தப் பேனா டாப்ளர் ஒன்றையும் வாங்கி வைக்கக் கூடாதா? உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று அரசு ஆஸ்பத்திரிகளிலாவது முதலில் வையுங்கள். சுகர் புண்ணுக்குக் காலையோ விரலையோ எடுப்பதற்குக் கையெழுத்து வாங்குகிற காகிதத்தில், ரத்த ஓட்டம் பார்த்தோம், இவ்வளவு இருந்தது என்று ஒரு வரி கட்டாயம் எழுதியிருக்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். அரசு, தனியார் எல்லாருக்கும். அந்த வரி காலியாக இருந்தால் குடும்பத்துக்காரன் கேட்பான்.

அண்ணன் இப்போது காலையில் கொடிக்காலுக்கு நடந்துதான் போகிறார், முன்பக்கம் மூடிய செருப்பு போட்டுக்கொண்டு. ராத்திரி இரண்டு காலும் கட்டில் மேல்தான் இருக்கின்றன என்று மதினி சொன்னார்கள்.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது, குறைக்காமல் போட முடியாது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக் கதையை எடுத்துவிடுங்கள், போர்ட்லாந்துக் கதையை எடுத்துவிடுங்கள், வருத்தமில்லை. வீட்டில் நாடி பார்க்கிற பத்தியையும் ஆறு மணி நேரம் என்று சொல்லியிருக்கிற பத்தியையும் மட்டும் வெட்டாமல் போடுங்கள், முடிந்தால் இரண்டு விரலை எங்கே வைப்பது என்று காட்டுகிற மாதிரி பாதத்தின் படம் ஒன்றையும் பக்கத்தில் வரைந்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.